பழைய டீசல் கெப்: முதல் காசு எதற்கு, பூட்டு எங்கே?

கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1993ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று வாங்கினேன். 3எல் டீசல் எஞ்சின். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, வெள்ளைப் புகை வருகிறது. பாரம் ஏற்றி மேடு ஏறினால் கறுப்புப் புகை. இரவில் ஒழுங்கையில்தான் நிறுத்துகிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு லொறியின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கையில் இருக்கும் காசுக்கு முதலில் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாமா? அலாரம் பூட்டினால் போதுமா?"

பெயின்ட் கடைசி. சொல்லப்போனால், இரவில் வீதியில் நிற்கும் கெப் கொஞ்சம் அழுக்காக நிற்பது நல்லதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கெப்களின் விலை எங்கேயோ போய்விட்டது. பளபளவென்று ஒரு ஹைலக்ஸ் நின்றால் அதை விலைபேசிப் பார்க்கும் கண்கள் கொழும்பில் நிறைய.

முதல் காசு டைமிங் பெல்ட்டுக்கு. 3எல் (மொடலின் பெயர், மூன்று லீற்றர் அல்ல) எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டையும் டீசல் பம்பையும் சுற்றவைப்பது இந்த ரப்பர் பெல்ட்தான். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதை நினைவூட்ட டேஷ்போர்டில் தனி விளக்கே உண்டு. முப்பது வருட வாகனத்தின் மீற்றரை நம்பி நாள் பார்க்க வேண்டாம். விற்றவர் "போன வருடம்தான் மாத்தினது" என்று சொல்லியிருப்பார், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்புறம் சிலிண்டர் ஹெட்டையே கழற்றும் வேலை. பெல்ட்டோடு டென்ஷனரையும், கேம், கிராங்க், பம்ப் மூன்றின் முன் ஒயில் சீல்களையும் மாற்றுங்கள். பழைய சீலில் கசியும் ஒயில் புதுப் பெல்ட்டையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

இதை வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன்பே செய்துவிடுங்கள். டீசல் வாகனத்தைப் பரிசோதிக்கும்போது நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதிப்பார்கள், அதுவும் பல தடவை. நைந்த பெல்ட் அறுவதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

காலைத் தகராறுக்கு வருவோம். வெள்ளைப் புகை என்றதும் எந்தக் கராஜிலும் "ஹீட்டர் பிளக் போய்விட்டது" என்பார்கள், ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக் அது. இருக்கலாம். ஆனால் கொழும்பு வெக்கையில் ஒரு பிளக் போனால் எஞ்சின் கொஞ்சம் குலுங்கிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் என் சந்தேகம் காற்றின் மேல். இரவு முழுக்க நிற்கும்போது எங்கோ ஒரு நுண்ணிய இடைவெளியால் காற்று நுழைந்து, குழாயில் இருக்கும் டீசல் டேங்கிற்குத் திரும்பிவிடுகிறது. காலையில் பம்ப் வெறும் காற்றை இழுக்கிறது.

இதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். டீசல் பில்டரின் தலையில் கையால் அமுக்கும் பொத்தான் போன்ற ஒரு சிறிய பம்ப் இருக்கும். நாளைக் காலையில் திறப்பைத் தொடுவதற்கு முன் பொனட்டைத் திறந்து அதை அமுக்குங்கள். முதல் அமுக்கலிலேயே கெட்டியாக இருந்தால் டீசல் நிற்கிறது. பொசபொசவென்று உள்ளே போய், இருபது முப்பது அமுக்கலுக்குப் பிறகு கெட்டியானால் காற்று புகுந்திருக்கிறது. கெட்டியான பின் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் நோய் தெரிந்துவிட்டது: ஹீட்டர் பிளக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி அந்தக் கைப்பம்பின் ரப்பரே. பொத்தானைச் சுற்றி டீசல் ஈரமும் தூசியும் ஒட்டியிருந்தால் பில்டர் தலையை மாற்றுங்கள். அது சுத்தமாக இருந்தால் ரப்பர் ஹோஸ்களையும் கிளிப்களையும் பாருங்கள். இன்னும் சந்தேகமென்றால் பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் இடத்தில் டீசல் தாங்கும் கண்ணாடிபோன்ற குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும்.

கைப்பம்ப் கெட்டியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால்தான் ஹீட்டர் பிளக். நான்கையும் தனித்தனியாக மீற்றரில் சோதிக்கச் சொல்லுங்கள். மாற்றும்போது பழையதில் எழுதியுள்ள வோல்ட் அளவைப் பார்த்தே வாங்க வேண்டும், 12 வோல்ட் பற்றரி என்பதற்காக எல்லாப் பிளக்கும் 12 வோல்ட் அல்ல.

கறுப்புப் புகைக்குக் காரணம் டீசல் கூடுவது அல்லது காற்று குறைவது. முதலில் ஏர் பில்டர், அதுதான் மலிவு. அடுத்தது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நொசில்கள். நான்கையும் கழற்றிப் பம்ப் கடையில் பெஞ்சில் அடித்துப் பாருங்கள். பனிபோல் தூவ வேண்டும், மூத்திரம்போல் ஒழுகக் கூடாது. மூன்றாவதை யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள்: "புல்லிங் கூட்டித் தாறன்" என்று முந்தைய சொந்தக்காரருக்கு யாரோ ஒரு மெக்கானிக் பாஸ் பம்பின் பின்பக்க ஸ்குரூவைத் திருகிவிட்டிருப்பார். டர்போ இல்லாத எஞ்சினுக்கு டீசலை மட்டும் கூட்டினால் வருவது புகையும் சூடும்தான். பம்பைப் பெஞ்சில் வைத்துச் சரியான அளவுக்கு மீட்டெடுக்க வேண்டும், கராஜ் வாசலில் காதால் கேட்டு அல்ல. பரிசோதனைக்குப் போகும் நாளில் எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டுப் போங்கள். சூடேறாத டீசல் எப்படியும் புகைக்கும்.

ரேடியேட்டரை அலட்சியம் செய்யாதீர்கள். இந்த எஞ்சின்களில் சூடு ஏறினால் ஹெட்டில் வெடிப்பு விழும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகினால், அல்லது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால், மற்றச் செலவுகளை நிறுத்திவிட்டு ஹெட்டைப் பாருங்கள்.

பிரேக் விஷயத்தில் ஒன்று மட்டும். மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் சிறிய பம்பிலிருந்து வருகிறது. யாராவது வேறு வாகனத்து ஆல்டர்னேட்டரை மாட்டியிருந்தால் அந்தப் பம்பே இல்லாமலிருக்கும். மிதி கல்லாக இருந்தால் அங்கே பாருங்கள்.

செஸியைச் சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள், குறிப்பாகப் பின்சக்கரத்துக்கு மேலும் பின்னாலும், மண் தேங்கும் இடங்களில். டங் என்றால் நல்லது, டப் என்றால் உள்ளே உக்கல். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்துக் கடற்காற்றுக்கு இது சாதாரணம். உக்கலின் மேல் தார் பூசி மறைப்பது நம்மூர் வழக்கம், தார் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளத்தில் நின்ற வாகனமா என்பதையும் பாருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கம் எத்தனையோ வாகனங்கள் தண்ணீருக்குள் நின்றன. டிஃபரன்ஷியல் ஒயிலில் கொஞ்சம் எடுங்கள். பால் தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

சரி, இனித் திருட்டு.

அலாரம் போதாது. இடி இடித்தாலே ஒழுங்கை முழுக்க அலாரம் கத்துகிற ஊரில் யார் எழும்பி வந்து பார்க்கிறார்கள்? உங்கள் எஞ்சினைத் திருடன் எப்படிப் பார்க்கிறான் என்று யோசியுங்கள். இதில் கணினி இல்லை, சிப் வைத்த திறப்பு இல்லை. பெற்றோல் எஞ்சின்போல் பற்றவைக்கும் பொறியும் இல்லை. டீசலும் காற்றும் அமுக்கமும் இருந்தால் ஓடும். எஞ்சினை ஓடவைக்க உங்கள் திறப்பு செய்வது முக்கியமாக இரண்டு வேலை: ஸ்டார்ட்டரைச் சுற்றவைப்பது, டீசல் பம்பில் இருக்கும் ஒரு சொலனாய்டுக்கு மின்சாரம் கொடுப்பது. பம்பின் பின்பக்கத்தில் நான்கு நொசில் குழாய்களும் கிளம்பும் இடத்துக்கு மேலே, ஒற்றை வயர் வந்து சேரும் சிறிய உருளைதான் அது. மின்சாரம் இருந்தால் டீசலுக்கு வழி திறக்கும், இல்லையென்றால் அடைக்கும். பொனட்டைத் திறந்தவன் பற்றரியிலிருந்து அந்த முனைக்கு ஒரு வயர் பிடித்து, ஸ்டார்ட்டரில் ஒரு ஸ்குரூட்ரைவரை வைத்தால் போதும், எஞ்சின் ஓடும். ஆகவே பூட்டு போட வேண்டிய இடம் அந்தச் சொலனாய்டு.

இரண்டு வேலை சேர்ந்து செய்ய வேண்டும், ஒன்று மட்டும் செய்தால் பயனில்லை. முதலாவது, அந்த வயரை இடையில் ஒரு மறைவான சுவிட்ச் வழியாகக் கொண்டுபோவது. டேஷ்போர்டின் அடியில் தொங்கும் சுவிட்சை எல்லாரும் தடவிப் பார்ப்பார்கள். பயன்படாமல் கிடக்கும் ஏதாவது ஒரு பழைய சுவிட்சையே இதற்குப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, சொலனாய்டையும் அதன் முனையையும் மூடி ஓர் இரும்புக் கவசம். இரும்பு வேலை செய்யும் நல்ல பட்டறையில் செய்யலாம். இறுக்கியதும் தலை முறிந்துபோகும் போல்ட்டால் பூட்டினால் ஸ்பனரால் கழற்ற முடியாது. கவசம் இல்லாவிட்டால் உங்கள் இரகசிய சுவிட்சைத் தேடக்கூட மாட்டான், நேராகப் பம்புக்கு வயர் பிடிப்பான். உள்ளே வயர் முனை கவசத்தில் முட்டாமல் ரப்பர் போடுங்கள், ஃபியூஸும் போடுங்கள். இணைப்புகளைச் சால்டர் செய்யுங்கள், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒருநாள் களனிப் பாலத்தின் நடுவில் உங்களையே நிறுத்திவிடும். சுவிட்ச் எங்கே என்று வயர் வேலை செய்தவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சேர்விஸுக்கு விடும்போது அதை ஓன் செய்தபடியே விட்டுவிடுங்கள்.

ஜீபிஎஸ் விற்பவர்கள் "ஃபோனிலிருந்தே எஞ்சினை நிறுத்தலாம்" என்று சொல்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெப்பை அப்படி நிறுத்தாதீர்கள். ஸ்டீயரிங் திடீரென்று கனக்கும், பூஸ்டரில் மிஞ்சிய வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்கு மேல் வராது, அடிபடுவது வீதியில் நிற்கும் வேறு யாரோ. இடத்தைக் காட்டும் ஜீபிஎஸ் மட்டும் போதும். தனக்கென்று சிறிய பற்றரி உள்ளதை வாங்குங்கள், மாதாமாதம் சிம்முக்கு ரீலோட் போட மறக்காதீர்கள்.

தேய்ந்த திறப்புத் துவாரமும் ஓர் ஓட்டைதான். பழைய ஹைலக்ஸ் கதவுகள் பலதை வேறு வாகனத்துத் திறப்பே திறந்துவிடும். இக்னிஷன், கதவு எல்லாவற்றுக்கும் ஒரே செட்டாகப் புதுப் பூட்டு போடுங்கள், ஸ்டீயரிங் லொக் விழுகிறதா என்றும் பாருங்கள். கியர் லீவரைப் பூட்டும் இரும்பு லொக் கண்ணாடி வழியாகத் தெரிவதால் பாதிப்பேர் அதைப் பார்த்தே போய்விடுவார்கள்.

பற்றரிக்கு மேலே இரும்புப் பட்டி போட்டு மாங்காய்ப் பூட்டு, பொனட்டுக்குத் தனிப் பூட்டு, டீசல் மூடிக்குத் திறப்புள்ள மூடி, தட்டுக்கு அடியில் தொங்கும் ஸ்பெயார் சக்கரத்துக்குச் சங்கிலி. பக்கக் கண்ணாடி, லைட், கதவுகளின் உட்புறம் எல்லாவற்றிலும் வாகன இலக்கத்தைப் பொறித்துவிடுங்கள். பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கைமாறும் பாகத்தில் இலக்கம் இருந்தால் விற்பதும் வாங்குவதும் கஷ்டம். நீங்களும் அங்கே பாகம் வாங்கும்போது பில் கேளுங்கள், நேற்று யார் வீட்டு வாசலில் இருந்ததோ தெரியாது.

கடைசியாகக் கடதாசி. வாகனம் இன்னும் ஓப்பன் பேப்பரில்தான் (பழைய சொந்தக்காரர் பெயரிலேயே பதிவு) இருக்கிறதென்றால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் வாகனத்தில் அடித்திருப்பவையும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இடையில் யாராவது எஞ்சின் மாற்றி அதைப் பதியாமல் விட்டிருந்தால் திருட்டு வாகனம் என்ற சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி திருட்டுக்கு ஒரு சதமும் தராது, முழுக் காப்புறுதி எடுங்கள், அதில் வாகனத்தின் பெறுமதி இன்றைய சந்தை விலையா என்று பாருங்கள். புத்தகத்தை டேஷ்போர்டில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். இரண்டு இலக்கங்களையும், இலக்கம் பொறித்த பாகங்களையும், கவசம் போட்ட பம்பையும் ஃபோனில் படமெடுத்து, பிரதியொன்றை வீட்டாரிடமும் கொடுத்து வையுங்கள். காணாமற்போனால் 119க்கு அழைக்கும்போதும், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதும்போதும் முதலில் கேட்பது அந்த இலக்கங்களைத்தான்.