வேம்பு கருகினால் வெட்டிவிடலாமா?

மரங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற வனச்சரகர் பதில் அளிக்கிறார்

கேள்வி: எங்கள் வாசலில் மாமனார் வைத்த பெரிய வேப்பமரம் இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு கிளை நுனிகளெல்லாம் தீப்பட்டதுபோல் கருகிவிட்டன. தெருவில் மற்ற மரங்களும் அப்படியே. செல்போன் கோபுரம்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். அம்மனுக்குக் குறை வைத்துவிட்டோம் என்று மாமியார் கவலைப்படுகிறார். மர வியாபாரி ஒருவர் வந்து விலையும் பேசிவிட்டுப் போனார். வெட்டிவிடலாமா? – வாசகி, மணப்பாறை

பதில்: வியாபாரியைத் திருப்பி அனுப்புங்கள், அம்மா. இலை உதிர்ந்த மாதத்தில் மரத்துக்கு விலை பேசுவது அவர் தொழில் சாமர்த்தியம்.

கோபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது நுனிக்கருகல் நோய். போமோப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சையால் வருகிறது. கர்நாடகத்து வேம்புகளில் இதைக் கண்ட ஆய்வாளர்கள் 1997இல் இது புதிய இனம் என்று பெயரிட்டார்கள். காய்ந்த சுள்ளியின் பட்டையில் மிளகில் பாதிகூட இல்லாத கரும்புள்ளிகள் தெரியும். பூஞ்சையின் வித்துகள் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. மழைத்துளி பட்டுத் தெறிக்கும்போது அடுத்த கிளைக்குப் போகின்றன. அதனால்தான் மழைக்காலம் தொடங்கியதும் நோய் கண்ணில் படுகிறது. விதை வழியாகவும் பரவும் என்பதால், நோயுற்ற மரத்தின் கொட்டையை நாற்றுக்கு எடுக்காதீர்கள்.

பூஞ்சைக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. தேயிலைக் கொசு என்பார்கள். பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. முந்திரித் தோப்புக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். இளந்தண்டில் குத்தி உறிஞ்சிய இடம் பழுப்பேறிக் காயும். அந்தக் காயம் பூஞ்சைக்கு வாசலாகிவிடும். பூச்சி மட்டுமே தாக்கினாலும் துளிர் கருகும் என்பதால், பல ஊர்களில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கடினம்.

மரத்தின் நிலையை நீங்களே பார்க்கலாம். கருகிய நுனியிலிருந்து கீழ்நோக்கி, சாணுக்கு ஓரிடமாகப் பட்டையை நகத்தால் சுரண்டி வாருங்கள். பழுப்பாக இருக்கும் வரை அந்தக் கிளை போய்விட்டது. ஈரப்பச்சை தெரிந்தால் அங்கிருந்து உயிர் இருக்கிறது. பெரிய மரங்களில் பெரும்பாலும் விரல் பருமனைத் தாண்டுவதற்குள் பச்சை வந்துவிடும். அப்படி இருந்தால் மாசி, பங்குனியில் துளிர்த்துவிடும். அதற்காக அலட்சியமும் கூடாது. பூங்கொத்து கருகினால் அந்த ஆண்டு காய்ப்பு அடியோடு போகும். ஆண்டுக்காண்டு தொடர்ந்தால் மரம் நலிந்துவிடும்.

மழை ஓய்ந்ததும், வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, பச்சை தெரியும் இடத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டுங்கள். வெட்டியதை அன்றே எரித்துவிடுங்கள். வேலிக்கு வைக்கிறேன், அடுப்புக்கு வைக்கிறேன் என்று சேர்த்து வைத்தால் அடுத்த மழையில் வித்து அங்கிருந்தே கிளம்பும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் என்பது கணக்கு. ஒரு மரத்துக்கு இதில் பத்தில் ஒரு பங்கே போதும். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றக் கூடாது. இரும்பு வாளியும் ஆகாது. பிறகு சாணை பிடித்த அரிவாளை அதில் முக்கி எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. படியாமல் வரும்வரை சுண்ணாம்பு சேர்த்து, அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள்.

மருந்து தெளிப்பது நாற்றுக்கும் இளங்கன்றுக்கும் சரி. ஓங்கி வளர்ந்த வாசல் மரத்துக்குத் தெளித்தால் பாதி அடுத்த வீட்டுக் கிணற்றில்தான் விழும். நான் சொல்லமாட்டேன். மரத்தூரை ஒட்டிச் சிமெண்டு பூசியிருந்தால் அதை முதலில் பெயர்த்து எடுங்கள். மூச்சுவிட இடமில்லாத வேருள்ள மரத்தை எந்த நோயும் எளிதில் சாய்க்கும். இதை எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது, பூசுகிறவர்களுக்கு அலுக்கவில்லை.

கேள்வி: கருகிய மரத்தின் வேப்பம்பூவில் ரசம் வைக்கலாமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: நல்ல கொத்தாகப் பார்த்து எடுங்கள். கருகிய கொத்தில் எடுக்க என்ன இருக்கிறது? பூச்சிமருந்து அடித்த மரத்தின் பூ மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மூன்று வயதுச் சவுக்குத் தோப்பில் அங்கங்கே மரங்கள் மஞ்சளாகிக் காய்கின்றன. பட்டையில் கொப்புளம் கிளம்புகிறது. பிய்த்தால் கரித்தூள் போல விரலில் ஒட்டுகிறது. – வாசகர், கடலூர்

பதில்: கொப்புளப் பட்டை நோய். ட்ரைக்கோஸ்போரியம் என்ற பூஞ்சை. விரலில் ஒட்டிய கரி முழுக்க வித்து, காற்றில் பறக்கும். கையையும் கத்தியையும் கழுவிவிட்டு அடுத்த மரத்தைத் தொடுங்கள். கொப்புளம் வெடித்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. வெட்டி, வேரோடு பறித்து, அந்த இடத்திலேயே எரியுங்கள். தோப்பின் குறுக்கே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பக்கக் கிளைகளை மழைக்காலத்தில் கழிப்பதை நிறுத்துங்கள்; காயம் வழியாகத்தான் நுழைகிறது. அறுவடைக்குப் பிறகு உடனே அதே குழியில் சவுக்கு வைக்காமல் ஒரு போகம் வேறு பயிர் எடுங்கள். மறுபடி நடும்போது நெருக்கத்தைக் குறையுங்கள். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் தேர்ந்தெடுத்த சவுக்குக் குளோன்களை வெளியிட்டிருக்கிறது. அங்கே விசாரித்துவிட்டு நாற்று வாங்குங்கள்.

கேள்வி: ஊர்ப் பொதுத்திடல் புளியமரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் வந்திருக்கிறது. மேலே மெருகு பூசியதுபோல் செம்பழுப்பு, விளிம்பு வெள்ளை. செதுக்கி எடுத்தால் சரியாகிவிடுமா? – வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: ஆகாது. கானோடெர்மா என்ற பூஞ்சை வகையாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் பார்ப்பது அதன் கனி. உடல் மரத்துக்குள்ளும் வேருக்குள்ளும் இருக்கிறது. தட்டுகளை எடுத்து எரித்தால் வித்து பரவுவது குறையும், அவ்வளவுதான். வேம்பு நோய் நுனியிலிருந்து கீழே இறங்கும், மரம் தப்பும். இது அடியிலிருந்து மேலே ஏறும். இலை பச்சையாக இருக்கும்போதே மரம் சாயலாம். மரச்சுத்தியலால் தூரைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். ‘பொத்’தென்று கேட்டால் உள்ளே கூடு. பிள்ளைகளின் ஊஞ்சலை இன்றே அவிழ்த்துவிட்டு ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள்.

உங்கள் ஊர் தென்னைக்குப் பேர்போனது என்பதால் இன்னொன்று. தஞ்சாவூர்ப் பகுதியில் 1952இல் கவனத்துக்கு வந்து, ‘தஞ்சாவூர் வாடல்’ என்றே பெயர் பெற்ற தென்னை நோயும் கானோடெர்மாவின் வேலைதான். திடலை ஒட்டித் தோப்பு இருந்தால், தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிகிறதா என்று பாருங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு வைப்பது நல்லது.

கேள்வி: இங்கே பூங்காவில் ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து காய்கின்றன. ஊருக்கு வரும்போது எங்கள் காலணியில் ஒட்டிவந்து வேம்பைத் தாக்குமா? – வாசகி, லண்டன்

பதில்: தாக்காது. ஆஷைக் காயவைப்பதும் ஒரு பூஞ்சைதான். ஆனால் அதற்கு ஆஷும் ஆஷின் நெருங்கிய உறவு மரங்களும்தான் வேண்டும். கிழக்கு ஆசியாவில் அங்குள்ள ஆஷ் மரங்களோடு பெரிய தொல்லையில்லாமல் வாழ்ந்த பூஞ்சை அது. 1992இல் போலந்தில் மரங்கள் காய்வது தெரிந்தது. 2012இல் பிரிட்டனில் உறுதியானது. அங்கே முதலில் பிடிபட்டது இறக்குமதி நாற்றில்தான் என்பதைக் கவனியுங்கள். உதிர்ந்த இலைக்காம்புகளில் அடுத்த கோடையில் சின்னஞ்சிறு வெள்ளைக் காளான் முளைத்து வித்து விடுகிறது. காலணியைத் துடையுங்கள், ஆனால் அங்குள்ள அடுத்த காட்டுக்காக.

கேள்வி: பட்டா நிலத்துச் சந்தன மரத்தில் இலைகள் சிறுத்து, விறைத்து, ஊசிபோல் நிற்கின்றன. எந்தப் பூஞ்சைக்கொல்லி அடிக்கலாம்? – வாசகர், திருப்பத்தூர்

பதில்: எதுவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளம் ஸ்பைக் நோய்க்கு உரியது. அது பூஞ்சை அல்ல, பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், தத்துப்பூச்சிகள் பரப்புகின்றன. குடகில் 1899இலேயே கண்டார்கள், இன்றுவரை மருந்து இல்லை. நோய் வந்துவிட்டதென்று நீங்களாக வெட்டவும் வேண்டாம். மரம் உங்களுடையதே ஆனாலும் சந்தனத்தை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.