படத்தின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

கல்லிடைக்குறிச்சியில் பள்ளி ஆசிரியனாக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் படமெடுத்து வருகிறேன். கூந்தன்குளம் பறவைகள், ஆற்றங்கரை, கோவில் கொடைகள் என்று 22,000 படங்கள் சேர்ந்துவிட்டன. படங்களை ஏற்றிப் பகிரும் ஃபிளிக்கர் இணையதளத்தில் இலவசக் கணக்கே போதுமா, ஆண்டுச் சந்தா கட்டி புரோ கணக்கு எடுக்க வேண்டுமா? சந்தா கட்டினால்தான் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்கிறார் நண்பர். எல்லாவற்றையும் அங்கே ஏற்றிவிட்டு ஹார்டு டிஸ்க்கைக் காலி செய்துவிடலாம் என்றும் நினைக்கிறேன். கூந்தன்குளத்தில் எடுத்த படம் ஒன்றை இணைத்துள்ளேன்.

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஓர் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல் பிரிக்கவும் துணிவில்லாமல் தார்சாவில் உட்கார்ந்திருந்தேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்கமாட்டேன்.

இலவசக் கணக்கில் தொடங்குங்கள். ஆயிரம் படங்கள் வரை இடம் உண்டு. அவற்றுள் ஐம்பதை மட்டுமே பிறர் பார்க்காதபடி வைத்துக்கொள்ள முடியும். வீட்டுப் படங்களை மறைவாக வைக்க விரும்பினால் சந்தா கட்டுங்கள். நண்பர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சந்தா கட்டினால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு விரிவாகக் கிடைக்கும்; பார்ப்பதற்கு ஆளைக் கூட்டிவந்து தரமாட்டார்கள்.

நான்கு ஆண்டுகளில் 22,000 என்றால் நாளொன்றுக்குப் பதினைந்து படம். 36 படங்கள் கொண்ட ஒரு ஃபிலிம் ரோலைப் பொங்கலுக்குப் போட்டுத் தீபாவளிக்குக் கழுவக் கொடுத்தவன் நான் என்பதால் எனக்கு இது கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. ஆனால் ஆயிரம் என்ற வரம்பு உங்களுக்குக் கெடுதல் செய்யாது. இருபத்திரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவருக்குப் புரோ கணக்கு எதற்கு?

டிஸ்க்கைக் காலி செய்யப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. படித்த மனிதர் செய்கிற காரியமா இது? 2013இல் யாஹூவின் கையில் இருந்தபோது இதே ஃபிளிக்கர், ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இடம் இலவசம் என்றது. 2018இல் ஸ்மக்மக் நிறுவனம் அதை வாங்கியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே, இலவசக் கணக்குகளில் ஆயிரத்துக்கு மேலுள்ளவை நீக்கப்படும், முதலில் ஏற்றியவையே முதலில் போகும் என்று அறிவிப்பு வந்தது. பழையது முதலில் போகும் என்பதைக் கவனியுங்கள். கூகுள் போட்டோஸும் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவசத்தை நிறுத்திக்கொண்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கடை நடத்துகிறார்கள். அது வாடகைத் திண்ணை. நாலு பேர் பார்க்க அங்கே படத்தை விரித்து வையுங்கள், நகைப்பெட்டியைத் திண்ணையில் வைக்காதீர்கள். மூலப் படங்களை இரண்டு டிஸ்க்குகளில் வைத்து, அவற்றுள் ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

வேறு ஊர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது எங்கள் வீட்டு அரங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் ஆல்பங்கள் இருந்தன. அவற்றையெல்லாம் நகலெடுத்து வைத்திருந்த டிஸ்க்கையும், புத்திசாலித்தனமாக, அதே பெட்டியில்தான் வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு ஆல்பங்களை மாடியில் வெயிலில் காயவைத்தேன். அது இரண்டாவது முட்டாள்தனம். படத்தாளின் மேலுள்ள ஜெலட்டின் நீரில் ஊறிப் பசையாகியிருக்கும்; காய்ந்தால் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் காய்வதற்குள் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, படம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்பியிருக்க வேண்டும். அக்காவின் கல்யாணப் படத்தை உரித்தபோது அப்பாவின் முகம் உறையோடு போய்விட்டது. அவருடைய வேட்டியின் சரிகைக்கரை மட்டும் தாளில் தங்கியது.

பிழைத்தவை பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சில. அவற்றிலொன்றில் இரண்டு பெண்கள் ஒரு வாசல் நடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி கையில் சொளகு, அதில் ஏதோ தானியம். யார் என்று தெரியவில்லை, எங்கே என்றும் தெரியவில்லை. அறிந்திருக்கக்கூடிய எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் தென்காசி அத்தை பாதுகாத்து அனுப்பிய படத்தின் பின்பக்கத்தில், பென்சிலால், “1974 ஆனித் தேர், சந்திப்பிள்ளையார் முக்கு, அண்ணனும் நானும், மழைத் தூறல்” என்று எழுதியிருக்கிறது. படத்தில் தேர் கலங்கலாகத்தான் தெரிகிறது. எனக்கோ அந்தத் தூறல் வரைக்கும் தெரிகிறது.

கேமரா தேதியைத் தானே குறித்துக்கொள்ளும் என்பீர்கள். பேட்டரி செத்துக் கடிகாரம் பின்னுக்குப் போனால் அந்தத் தேதியும் பொய். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அதுவும் உதிர்ந்துவிடும். எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தீர்கள் என்பதைக் கேமரா சொல்லும். யாரை எடுத்தீர்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஏற்றும்போது தலைப்பும் குறிப்பும் எழுதுங்கள். அதையே டிஸ்க்கில் இருக்கும் மூலப் படத்திலும் எழுதுங்கள். ஆயிரம் படங்களுக்கும் எழுதிய பிறகு சந்தா வேண்டுமா என்று கேளுங்கள், சொல்கிறேன். பறவைகள் கூடு கட்டியிருக்கும் மரத்தின் வரைபட இருப்பிடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தை நான்கு முறை பார்த்தேன். முற்றத்து மரம் முழுக்க மஞ்சள்மூக்கு நாரைகள். கீழே எச்சம் விழுந்து வெளுத்த தரையில் ஓர் ஆச்சி, பறவைகளை ஏறிட்டும் பாராமல் புளி ஆய்ந்துகொண்டிருக்கிறார். அருமையான படம். அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர், கேமரா தானாகப் போட்ட “டிஎஸ்சி 4417”. கல்லிடைக்குறிச்சியிலிருந்து கூந்தன்குளம் ஒரு காலை நேரப் பயணம்தானே. வருகிற ஞாயிற்றுக்கிழமை போய், அந்த ஆச்சியின் பெயரைக் கேட்டு, படத்தின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.