எட்டாம் நம்பர் மலையும் பத்து நிமிடமும்

கேள்வி: அக்கா, நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறார். கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்து பத்து மாதம்தான் ஆகிறது. தேயிலைக் கொப்புள நோய் பற்றி நான் அனுப்பிய சுருக்கத்தைப் பேராதனையில் நடக்கும் மாநாடொன்றில் எடுத்துவிட்டார்கள். பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும், பிறகு ஐந்து நிமிடம் கேள்விகள். கையில் இருப்பதோ ஒரே ஒரு பருவத்துத் தரவு. பெரிய பேராசிரியர்கள் எழும்பிக் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இந்த முறை வேண்டாம் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லாதீர்கள் தங்கச்சி. வயிற்றைக் கலக்குவது எல்லோருக்கும்தான், பத்தாவது மாநாட்டிலும் கலக்கும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஸ்லைட் ஒன்றும் போடாமல், நீங்கள் கண்டுபிடித்ததை இரண்டே வசனத்தில் தமிழில் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். கொப்புளத்தை அவருக்கு நீங்கள் விளக்கத் தேவையில்லை. இலையின் மேல்பக்கம் பளபளவென்று குழி விழுந்து, அடிப்பக்கம் அரிசிமா தடவினதுபோல் வெள்ளையாகப் புடைத்திருப்பதை அவர் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். மழையும் மூடுபனியுமாகப் பல நாள் வெயில் காணாவிட்டால் தோட்டத்து எட்டாம் நம்பர் தேயிலை மலையில் எந்த மூலையில் அது முதலில் வரும் என்றுகூடச் சொல்வார். அதனால் அவர் "இதுதான் எனக்கே தெரியுமே, நீ புதுசா என்ன சொல்ற?" என்று கேட்டுவிடுவார். மாநாட்டில் கோட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருப்பவர்களும் இதையேதான் கொஞ்சம் சுற்றிவளைத்துக் கேட்கப் போகிறார்கள். அம்மாவுக்கு என்ன பதில் சொல்கிறீர்களோ அதுதான் உங்கள் பத்து நிமிடம். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

புதிதாகப் பேசுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, முதல் நாலு நிமிடத்தைத் தேயிலையின் வரலாற்றிலேயே கரைத்துவிடுவது. இந்த நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது, இளந்தளிரைத்தான் பிடிக்கும், நாம் பறிப்பதும் அதே இளந்தளிர் என்பதால்தான் இவ்வளவு நட்டம், இவ்வளவும் ஒரு ஸ்லைடுக்குள் முடிந்துவிட வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் யாராவது வந்திருந்தால் அவர்களுக்கு இது மனப்பாடம்.

ஒரு பருவத்துத் தரவுதானே என்று வெட்கப்படுகிறீர்கள். சரி, ஒரு பழைய கதை. 1869இல் இலங்கையில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது, பத்து வருடத்தில் தோட்டங்கள் சரியத் தொடங்கின. 1880இல் இருபதுகளில் இருந்த மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயரை இங்கே அனுப்பினார்கள். அவர் கண்ணாடித் துண்டுகளை வெளியே வைத்து, காற்றில் வரும் பூஞ்சை வித்திகளைப் பிடித்துப் பார்த்து, நோய் எப்படிப் பரவுகிறது என்று காட்டினார். தோட்டத்துரைமார் எதிர்பார்த்ததோ மருந்து. அது அவரிடம் இருக்கவில்லை, கோப்பியும் போய்விட்டது, ஆனால் அவர் எழுதியதைத் தாவர நோயியல் படிக்கிறவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆகவே ஒரு பருவம் என்றால் ஒரு பருவம் என்றே சொல்லுங்கள், தலைப்பிலேயே போடுங்கள். மறைத்தால்தான் தோண்டுவார்கள்.

இனி அந்த ஐந்து நிமிடம். என் முதல் மாநாட்டில் மண்ணரிப்பு பற்றிப் பேசினேன். எந்த மாநாடு என்பதை விடுங்கள். ஒரு வயதான சேர் எழும்பி, அந்த வரைபடத்தில் இருப்பது ஒரு பாத்திக்கா ஒரு ஹெக்டயருக்கா என்று கேட்டார். அலகு எழுத மறந்திருக்கிறேன். அதை ஒப்புக்கொள்ளாமல், மழைவீழ்ச்சி, சரிவு, வெட்டுக்கான் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மகள், பாத்திக்கா ஹெக்டயருக்கா?" என்றார். மண்டபமே சிரித்தது. தேநீர் இடைவேளையில் அவரே வந்து, நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் அந்த வரைபடத்தைத் திருத்தி வரைந்து காட்டினார், அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

அதனால் கேள்வி வந்தால் முதலில் அதைத் திருப்பிச் சொல்லுங்கள், யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும், விளங்கினது சரியா என்றும் தெரிந்துவிடும். "அதை நான் இன்னும் அளக்கவில்லை" என்பதை ஆங்கிலத்தில் வாய் தடுக்காமல் வருமட்டும் சொல்லிப் பழகுங்கள், அது முழுமையான பதில்தான். சிலர் கேள்வி கேட்பதுபோல் தங்கள் ஆராய்ச்சியைப் பற்றியே இரண்டு நிமிடம் பேசுவார்கள். நன்றி சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள், போதும்.

ஆங்கிலத்தைப் பற்றி அவ்வளவு யோசிக்காதீர்கள், அங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேருக்கும் அது வீட்டு மொழி இல்லை. முதல் இரண்டு வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் விழுந்தாலும் ரயில் தடம் புரண்டதுபோல்தான். லேசர் வெளிச்சம் கைநடுக்கத்தை மண்டபம் முழுக்கக் காட்டிக்கொடுக்கும், மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி. முந்தின நாளே புறப்படுங்கள், மழை நாளில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் உங்கள் பத்து நிமிடம் பஸ்ஸுக்குள்தான்.

கேள்வி: நானும் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவன், பண்டாரவளை. பேச இடமில்லை, போஸ்டர் வைக்கத்தான் அனுமதி என்று எழுதியிருக்கிறார்கள். மதிப்புக் குறைவா?

பதில்: இல்லை தம்பி. பேசுகிறவருக்கு ஐந்து நிமிடக் கேள்வி, உங்களுக்கு ஒரு மணி நேரம், அதுவும் நேருக்கு நேர். விருப்பமில்லாதவர் நடந்து போய்விடுவார், நின்று பார்க்கிறவர் உண்மையிலேயே கேட்க வந்தவர். சாப்பிடப் போகிறேன் என்று போஸ்டரைத் தனியாக விட்டுவிடாதீர்கள், நல்ல ஆள் வருவது சரியாக அந்த நேரத்தில்தான். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், இரண்டு எட்டுத் தள்ளி நின்று வாசிக்க முடிய வேண்டும். அப்புறம், அதைச் சுருட்டிக் கொண்டுவர மூடியுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாங்குங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்த ஒருவரின் போஸ்டர் மழையில் நனைந்து, கடைசியில் அவருடைய பெயர் மட்டும்தான் வாசிக்கக்கூடியதாக இருந்தது.