இரண்டு மொழிக்கு நடுவே: புலம்பெயர்ந்தோர் கேள்விகளுக்குப் பதில்கள்

(இருமொழியாளர்களைப் பற்றி ஆய்வு செய்யும் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: வீட்டில் என்னை வாயாடி என்பார்கள். வேலையிடத்தில், புது மொழியில், வாயில்லாப் பூச்சி. எது உண்மையான நான், மேடம்?

பதில்: இரண்டும் நீங்கள்தான். கிண்டலுக்கு வேகம் வேண்டும். நீங்கள் மனதுக்குள் வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது, சிரித்து வைக்கிறீர்கள். பார்ப்பவர்கள் 'ரொம்ப சாது' என்று முடிவு கட்டுகிறார்கள். அப்புறம் நீங்களே அதை நம்பத் தொடங்குவதுதான் வம்பு.

வேகம் வந்த பிறகும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அமெரிக்கர்களை மணந்து அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியப் பெண்களிடம் மொழி ஆய்வாளர் சூசன் எர்வின்-டிரிப் பாதி வாக்கியங்களைக் கொடுத்து முடிக்கச் சொன்னார். 1960களில் வெளிவந்த ஆய்வு இது. ஒரே பெண் ஜப்பானிய மொழியில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் வேறு மாதிரியும் முடித்தார். ஒரு மொழியைப் பேசும்போது, அதில் நம்மோடு பழகியவர்களின் எதிர்பார்ப்புகளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

கேள்வி: உச்சரிப்பை உள்ளூர்க்காரர்கள் மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: கேட்பவருக்குப் புரிந்தால் போதும். மிச்சம் உங்கள் விருப்பம்.

கேள்வி: தாய்மொழிச் சொற்கள் மறந்துபோகின்றன. நான் எந்த மொழிக்கும் சொந்தமில்லாதவனாக ஆகிக்கொண்டிருக்கிறேனா?

பதில்: பெரியவரான பிறகு கிளம்பியவருக்குச் சொற்கள் கைக்கு எட்டத் தாமதமாகுமே தவிர, மொழி அடியோடு அழிவது அரிது. சின்ன வயதில் முழுதாகத் துண்டிக்கப்பட்டால் கதை வேறு. பிரான்ஸில் தத்தெடுக்கப்பட்ட கொரியக் குழந்தைகளை அவர்கள் வளர்ந்த பிறகு சோதித்தார்கள் (2003). கொரிய மொழி அவர்கள் காதில் வேற்றுமொழியாகத்தான் விழுந்தது.

ஆனால் மறதிக்குக் காலம் மட்டும் காரணமில்லை. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்களின் ஜெர்மன் பேச்சை மொழியியலாளர் மோனிகா ஷ்மிட் ஆராய்ந்தார். யூதர்களின் கடைகளும் வழிபாட்டுத் தலங்களும் தாக்கப்பட்ட 1938 நவம்பர் வன்முறைக்குப் பின் கிளம்பியவர்களிடம் மொழி அதிகம் சிதைந்திருந்தது. முன்பே கிளம்பியவர்களிடம் அவ்வளவு இல்லை. கிளம்பியபோது என்ன வயது என்பதைவிட, பட்ட காயம்தான் அதிகம் பேசியது. ஆகவே எத்தனை சொல் மறந்தது என்று கணக்குப் பார்க்காதீர்கள். அந்த மொழியில் பேச உங்களுக்கு இன்னும் ஆசை இருக்கிறதா, பேச ஆள் இருக்கிறதா, அதைப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் எங்கள் மொழியில் கேட்டால் மகள் உள்ளூர் மொழியில் பதில் சொல்கிறாள். கட்டாயப்படுத்தலாமா அக்கா?

பதில்: கட்டாயம் வேண்டாம், ஆனால் நீங்கள் மாறாதீர்கள். ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குப் போவது முக்கியமாக வீட்டுப் பேச்சின் வழியாகத்தான் என்று மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் வாதிட்டார். வார இறுதி வகுப்பு அதற்குத் துணை, மாற்று அல்ல.

அவள் ஒரு வாக்கியம் முயன்றால், நடுவில் புகுந்து திருத்தாதீர்கள், உறவினர்களைச் சிரிக்கவும் விடாதீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் நிறையப் பேர். இன்னொன்று: மருத்துவரிடமும் அலுவலகங்களிலும் அவளைத்தான் மொழிபெயர்க்க வைக்கிறீர்கள் என்றால், அவள் கண்ணில் உங்கள் மொழி திணறுகிறவர்களின் மொழியாகிவிடும். முடிந்த இடத்தில் வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்கள் கெட்டிக்காரராக, வேடிக்கையாகப் பேசுவதை அவள் உங்கள் மொழியில் கேட்கட்டும்.