ஓவர்டேக் என்றால் முந்துவது மட்டும்தானா?

ஆங்கிலக் கதையில் 'தூக்கம் அவனை ஓவர்டேக் செய்தது' என்று வருகிறதே, தூக்கம் எப்படி முந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சொல்லில் நானும் வழுக்கி விழுந்தவன்தான். மொழிபெயர்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு பயணக் கட்டுரையில் 'இரவு அவர்களை முந்தியது' என்று எழுதிக் கொடுத்தேன். திருத்தியவர் ஓரத்தில் 'எந்த பஸ்ஸில் போனது?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

நமக்கு இந்தச் சொல் ரோட்டிலிருந்து வந்தது. வலப்பக்கம் ஏறி முன்னால் போனால் ஓவர்டேக். (அமெரிக்கர்கள் இதற்கு 'பாஸ்' என்பார்கள்.) 2023-இல் மக்கள்தொகையில் சீனாவை இந்தியா ஓவர்டேக் செய்தது என்று செய்தி வந்ததும் இந்தப் பொருளில்தான். இங்கெல்லாம் 'முந்தியது' கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் இந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு: பின்னால் துரத்தி வந்து எட்டிப் பிடிப்பது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், யாத்திராகமம் 15:9-இல், இஸ்ரவேலரைத் துரத்தும் எதிரி சொல்வதாக இந்த வினை வருகிறது. தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'பிடிப்பேன்' என்றிருக்கும். பின்னே, துரத்துகிறவன் அவர்களைத் தாண்டிப் போய் என்ன செய்யப் போகிறான்!

இது பிடிபட்டால் உங்கள் தூக்கமும் புரிந்துவிடும். தூக்கம், இருட்டு, பயம், கெட்ட காலம் எல்லாம் பின்னாலேயே வந்து ஆளை அமுக்குகிறவை. தமிழில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வினையைப் போட்டால் சரிவராது. தூக்கமா, 'தன்னை அறியாமல் கண்ணயர்ந்துவிட்டான்'. பயம் 'ஆட்கொண்டது' என்று பலர் எழுதுகிறார்கள். இறைவன் ஆட்கொள்வதைக் கேட்டுப் பழகிய என் காதுக்கு அது ஒட்டவில்லை, 'பயம் பிடித்துக்கொண்டது' போதும். இரவுக்கு, 'போகிற வழியிலேயே இருட்டிவிட்டது'. என் கட்டுரையும் கடைசியில் அப்படித்தான் அச்சானது.

அப்புறம், ஒரு திட்டத்தை நிகழ்வுகள் ஓவர்டேக் செய்தன என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும். திட்டம் நடைமுறைக்கு வருவதற்குள் நிலைமையே மாறி, அது உதவாமல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கித் தன் கைக்குள் கொண்டுவருவது மட்டும் 'டேக் ஓவர்'. அதைத் திருப்பிப் போட்டு ஓவர்டேக் என்று எழுதினால், வாங்கவே இல்லை, வியாபாரத்தில் முந்திவிட்டது என்று ஆகிவிடும்.