தலைவலிக்கென்று தனி டாக்டர் உண்டா? வெளி மாவட்டத்தில் இருப்பவர் யாரைப் பார்ப்பது?

மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் ஒற்றைத் தலைவலி, கண் டாக்டரும் காது மூக்கு டாக்டரும் பார்த்தாயிற்று, இனி சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குப் போக வேண்டாம். தலைவலிக்கென்றே தனி கிளினிக் என்பது பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) மாதிரி மிகச் சில இடங்களில்தான் உண்டு. மற்ற ஊர்களில் இதைப் பார்ப்பவர் டி.எம். நியூராலஜி முடித்தவர், அதாவது மூளை, நரம்பு நோய்களை மருந்தால் கவனிப்பவர். எம்.சி.எச். என்றிருந்தால் அவர் அறுவை சிகிச்சை செய்பவர். போர்டில் 'நியூரோ' என்பதை மட்டும் பார்த்து உள்ளே போய்விடாதீர்கள்.

சென்னை ராஜீவ் காந்தி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. நேரே போனால் பெரும்பாலும் முதலில் பொது மருத்துவத்துக்குத்தான் ஓ.பி. சீட்டு போடுவார்கள், அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். நரம்பியல் ஓ.பி. எந்தக் கிழமை என்று முன்பே விசாரித்துக்கொண்டு காலையிலேயே போங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் வீண்.

உண்மையில் பாதி வேலையைப் பக்கத்து ஊர் எம்.டி. பொது மருத்துவரே செய்யலாம். தடுப்பு மருந்துகளில் (வலி வராமலிருக்கத் தினமும் போடுபவை) இரண்டு, சரியான அளவில் கொடுத்தும் கேட்கவில்லை, அல்லது மாதம் 15 நாளுக்கு மேல் வலி, அல்லது ஒரு கண்ணைச் சுற்றிக் குடைந்து, அந்தக் கண்ணில் நீர் கொட்டி, 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும் வலி என்றால் நியூராலஜிஸ்ட்தான். கடைசியில் சொன்னது கிளஸ்டர் தலைவலி. அதற்கு முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 லிட்டருக்குக் குறையாமல் ஆக்சிஜன் கொடுப்பதே நல்ல சிகிச்சை. சாதாரண வலி மாத்திரை வேலை செய்யும் முன் வலியே போய்விடும்.

எந்த டாக்டரானாலும் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். காலண்டரில் ஒரு மாதம் குறித்து எடுத்துப் போங்கள்: வலித்த நாள், எத்தனை மணி நேரம், வாந்தி உண்டா, வெளிச்சம் கூசியதா, மாதவிடாய் தேதி, போட்ட மாத்திரையின் பெயர். ஸ்கேன் ஃபைலைவிட இது பெரிதும் உதவும். ஒற்றைத் தலைவலியில் ஸ்கேன் பொதுவாக நார்மலாகவே வரும்.

மாத்திரைக் கணக்குதான் மிக முக்கியம். பாராசிட்டமால் மட்டும் என்றால் மாதம் 15 நாள், எர்கோட்டமைனோ காஃபீனோ கலந்த மருந்துக்கடை மாத்திரை என்றால் 10 நாள். இதைத் தாண்டி மூன்று மாதம் ஓடினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். இதை மறைத்தால் எந்த நிபுணரிடம் போயும் பயனில்லை.

அடுத்த சிக்கல், தடுப்பு மருந்தைப் பத்தே நாளில் நிறுத்துவது. அமிட்ரிப்டிலின் இரவு 10 மி.கி., புரோப்ரனலால் என்றால் 40 மி.கி. அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் கூடாது, முன்பே சொல்லிவிடுங்கள். அளவை மாற்ற நாலைந்து முறையாவது போக வேண்டியிருக்கும் என்பதால், தூரத்துப் பெரிய பெயரைவிட பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய டாக்டரே மேல்.

ஆனால் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் புதிதாக வரும் கடும் தலைவலி: இவற்றுக்கு ஓ.பி. கிழமை பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு அன்றே போய்விடுங்கள்.