ஐயாயிரம் ரூபா வியாழனோடு முடிகிறது

கேள்வி: மாங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கணவர் இல்லை, வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள். கிழமைக்கு ஐயாயிரம் ரூபாவுக்குச் சாமான் வாங்குவேன். முந்தி ஞாயிறு வரை நின்றது, இப்போது வியாழனோடு முடிகிறது. பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். அப்படியென்றால் என் கைதான் ஓட்டையா?

பதில்: இல்லை. பணவீக்கம் குறைந்தால் விலை இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஏறும் வேகம் தணிந்தது, அவ்வளவுதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி அது 69.8 சதவீதம். அன்று ஏறிய விலைகளில் பல இன்னும் மேலேதான் நிற்கின்றன. அந்தச் சுட்டெண்ணும் கொழும்பு நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை வைத்துப் போடுவது. நாடு முழுவதற்கும் தேசியச் சுட்டெண் என்று வேறொன்று உண்டு. ஆனால் அதிலும் உங்கள் அடுப்படி தெரியாது.

ஆகவே ஒரு கொப்பி எடுங்கள். எல்லாவற்றையும் எழுதப் போனால் இரண்டு கிழமையில் அலுத்துவிடும் (நான் பட்டது). அரிசி, மா, பருப்பு, தேங்காய், பால்மா, சவர்க்காரம் என்று பத்துச் சாமான் போதும். மாதவிடாய்க்கு வாங்கும் பாட்டை (pad) முதல் வரியில் போடுங்கள்; ஆம்பிளைகள் போடும் வீட்டுக்கணக்கில் அது வருவதேயில்லை.

கொடுத்த காசை மட்டும் எழுதினால் ஒன்றும் பிடிபடாது. நிறை, எண்ணிக்கை, எத்தனை நாளில் முடிந்தது என்பதும் வேண்டும். பத்துப் பாட் உள்ள பக்கெட் 300 ரூபாவாக இருந்து, இப்போது எட்டு உள்ளது 270 ரூபா என்று வையுங்கள். பார்க்க மலிவு. பிரித்துப் பார்த்தால் ஒன்று 30 ரூபாவிலிருந்து 33.75க்கு ஏறியிருக்கும். குளத்து மீனைக் கூறாக வாங்கினாலும் இதே கதைதான். கூறு சிறுத்தால் விலை ஏறியதாகத்தான் கணக்கு. ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள்.

கிளிநொச்சிச் சந்தையில் மலிவு என்று போனால் பஸ் காசையும் அதே வரியில் எழுதுங்கள். கடனுக்கு வாங்கும்போது கடைக்காரர் தன் கொப்பியில் பதியும் அதே நேரத்தில் நீங்களும் பதியுங்கள், வீட்டுக்கு வந்து அல்ல.

அப்புறம், பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் தரத்தான் வேண்டும். பக்கெட்டில் அடித்திருக்கும் விலைக்கு மேல் ஒரு ரூபா வாங்கினாலும் அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். அதுவரை வெறும் பக்கெட்டை அடுப்புக்குள் போட்டுவிடாதீர்கள்.